பெட்டி யார் பெயரில்?

ரேடியோ கேட்க ஒருகாலத்தில் தபால் ஆபீஸில் லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்தது என்று வகுப்பில் சொன்னால் மாணவிகள் சிரிக்கிறார்கள். துப்பாக்கிக்கு லைசென்ஸ் சரி, வண்டி ஓட்ட லைசென்ஸ் சரி, பாட்டுக் கேட்க எதுக்கு மேம்? சிரித்து முடித்ததும், நீங்கள் கடைசியாகப் பாட்டுச் செயலி ஒன்றை இறக்கியபோது அது உங்களிடம் என்னென்ன கேட்டது என்று கேட்பேன். பெயர், செல் எண், மின்னஞ்சல், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று வரிசையாகச் சொல்வார்கள். அதற்குள் ஒருத்தி, "எங்க அண்ணன் பேர்லதான் மேம் போட்டிருக்கு" என்பாள். ஒவ்வொரு வருஷமும் அப்படி ஒருத்தி இருக்கிறாள். அந்த அண்ணன் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு.

இந்தியாவில் முறையான ஒலிபரப்பு 1927 ஜூலை 23 அன்று பம்பாயில் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியோடு தொடங்கியதாகக் கணக்கு. சென்னைக்காரர்களுக்கு அதில் சிறு மனத்தாங்கல் இருக்கலாம், 1924இலேயே சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் அவருடைய நண்பர்களும் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் வைத்து இங்கே ஒலிபரப்பிக்கொண்டிருந்தார்கள். பம்பாய்க் கம்பெனி லைசென்ஸ் பணத்தை நம்பி இறங்கியது. பெட்டி வைத்திருப்பவர் ஆண்டுக்கு 10 ரூபாய் கட்டவேண்டும். 1929 முடிந்தபோது நாடு முழுவதும் லைசென்ஸ் எடுத்தவர்கள் 8,000 பேரைக்கூட எட்டவில்லை. 1930 மார்ச்சில் கம்பெனி படுத்துவிட்டது, ஒலிபரப்பை அரசு எடுத்துக்கொண்டது. லைசென்ஸ் எடுக்காமல் கேட்கிறவர்களை எப்படிப் பிடிப்பது என்ற கேள்விக்குப் பதிலாக வந்தது 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம். 1934 முதல், அனுமதி இல்லாமல் ரேடியோப் பெட்டியை வைத்திருப்பதே குற்றமானது. முதல் முறை பிடிபட்டால் 100 ரூபாய் வரை அபராதம், அடுத்த முறை 250 வரை.

அந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் ஓர் அனுமானம் இருக்கிறது. பெட்டி ஒருவருடைய பொறுப்பில் இருப்பதாகத் தோன்றினாலோ, அவருடைய கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் இருந்தாலோ, அது அவருடையது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். ஆங்கில மூலத்தில் அந்த 'அவர்' ஆண்பால். ஆண்பாலுக்குள் பெண்பாலும் அடக்கம் என்று 1897இன் பொதுக்கூறுகள் சட்டம் ஏற்கெனவே தீர்த்துவைத்திருந்ததால் இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் வீடு யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற கேள்வியைத் தென்காசிப் பக்கம் 1930களில் மட்டுமல்ல, 1970களில் கேட்டிருந்தாலும் ஒரே பதில்தான் வந்திருக்கும். வரி போடுவதற்காக எழுதிய சட்டம், போகிற போக்கில் வீட்டுக்கு ஒரு தலைவரையும் நியமித்துவிட்டுப் போயிற்று.

எங்கள் ஆச்சி 1966இல் ஒரு மர்ஃபி ரேடியோ வாங்கினாள். சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கியது. தாத்தாவுக்கு அது 'கத்துத பெட்டி'. அவர் இருக்கும்போது போடக்கூடாது. ஆனால் லைசென்ஸ் புத்தகம் அவர் பெயரில்தான் இருந்தது. தபால் ஆபீஸ் சேமிப்புப் புத்தகம்போல ஒல்லியாக, ஒவ்வொரு ஆண்டுக்கும் வில்லை ஒட்டி முத்திரை குத்தியது. ஆண்டுக்கு 15 ரூபாய். அந்தப் பதினைந்தை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து என் அப்பா கையில் கொடுத்து அனுப்பியது ஆச்சி. தாத்தா இறந்ததும் பெயர் மாற்றினார்கள். மதுரையில் வேலை பார்த்த பெரியப்பா பெயருக்கு. "ரேடியோ எங்கிட்ட இருக்கு, பேரு மட்டும் எதுக்கு மதுரைக்குப் போவுது?" என்று ஆச்சி கேட்டதை அம்மா சொல்லிச் சிரிப்பாள். பதில் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

இதைக் குடும்பக் கதையாக மட்டும் நான் சொல்லவில்லை. ஒலிபரப்பின் வளர்ச்சியை எழுதுகிறவர்கள் லைசென்ஸ் எண்ணிக்கையைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். இத்தனை ஆயிரம், பிறகு இத்தனை லட்சம், பிறகு இத்தனை கோடி என்று வரைபடம் ஏறும். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு புத்தகம், புத்தகத்தில் ஒரு பெயர். அந்தப் பெயர்க்காரர் பகலெல்லாம் வெளியில். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டும் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டும் கேட்டவள் அந்தக் கணக்கில் இல்லை. தமிழ்நாட்டில் வானொலியை அதிகம் கேட்டது பெண்கள்தான் என்று நான் சொன்னால் ஆதாரம் கேட்பார்கள். அந்த ஆதாரத்தைப் பதிவேடு விழுங்கிவிட்டது என்பதுதான் என் வாதம்.

பெட்டி வாங்க முடியாத வீடுகளுக்குப் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. பூங்காவில் அதற்கென்று ஒரு சிறு அறை, மேலே குழாய் ஒலிபெருக்கி. அந்தத் திண்டில் உட்கார்ந்து செய்தி கேட்டது ஆண்கள். ஆனால் குழாய்க்கு ஆண் பெண் தெரியாது, அது கிணற்றடிவரைக்கும் கத்தும். குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்று கேட்ட பெண்களுக்கு லைசென்ஸும் இல்லை, உட்கார இடமும் இல்லை.

சரி, அந்த லைசென்ஸ் என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதையும் பார்த்துவிட வேண்டும். அது பணம் வாங்கியது. பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டது. ஆனால் முள்ளை எந்த நிலையத்தில் நிறுத்தினாய் என்று அதற்குத் தெரியாது. 1952இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டை ஒடுக்கியபோது, டில்லிக்கு 15 ரூபாய் கட்டிவிட்டு நாடே கொழும்பைக் கேட்டது. எங்கள் பக்கத்துக்குக் கொழும்பு சென்னையைவிடக் கிட்டம். 1963 டிசம்பரில் திருநெல்வேலி நிலையம் வந்த பிறகும் இலங்கை வானொலியின் பிடி தளரவில்லை. ராஜேஸ்வரி சண்முகத்தின் 'பொதிகைத் தென்றல்' நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே ஒரு தலைமுறையே உண்டு. குற்றாலத்துக்கு மேலே நிற்கிற மலையை நாங்கள் பொதிகை என்றுதான் சொல்வோம். அதன் பெயர் கடல் தாண்டிப் போய் ஒரு பெண்ணின் குரலில் திரும்பி வந்து எங்கள் அடுக்களையில் கேட்டது. ஜூன், ஜூலையில் சாரல் அடிக்கும்போது மலைப் பக்கம் இடி இடித்தால் கரகரவென்று பாட்டு உடையும். ஆச்சி ஏரியல் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாளாம்.

அந்த நாள்களில் பெயர் சொல்வதில் ஓர் ஆசையும் இருந்தது. நேயர் விருப்பத்துக்குக் கடிதம் எழுதினால் பாட்டுக்கு முன்னால் பெயரும் ஊரும் வாசிப்பார்கள். சுரண்டை என்றும் பாவூர்சத்திரம் என்றும் தன் ஊர்ப் பெயர் காற்றில் வருவதைக் கேட்பது லேசான விஷயம் இல்லை. ஆனால் ஒரு வயசுப்பிள்ளையின் பெயர் காதல் பாட்டோடு சேர்ந்து வந்தால் தெருவில் பேச்சு வரும். என் சித்தி ஒருத்தி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள்: வேறொரு பெயரில், பக்கத்து ஊர்க்காரி மாதிரி எழுதினாள். பாட்டு வந்தபோது அந்தப் பெயர் யாருடையது என்று வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். பெயரைச் சொல்வதும் மறைப்பதும் மாற்றிச் சொல்வதும் அவள் கையில் இருந்தன. 'புனைபெயர்' என்ற சொல்லை எழுத்தாளர்களுக்கு மட்டும் ஒதுக்கிவைத்திருக்கிறோம். கேட்பவளுக்கும் அது தேவைப்பட்டிருக்கிறது.

இன்னொன்று, பாட்டைவிடக் கனமானது. பிபிசி தமிழோசை 1941இலிருந்து 2017 ஏப்ரல்வரை ஒலித்தது. இலங்கையில் போர் நடந்த காலத்தில் அந்தச் செய்திக்காகக் காத்திருந்த வீடுகள் எங்கள் தெருவிலும் இருந்தன. ஆனந்தி அக்கா என்று எல்லோரும் சொன்ன ஆனந்தி சூரியப்பிரகாசத்தின் குரல் எனக்கு அப்படித்தான் பழக்கம். 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு அம்மா ஒலியைக் குறைத்துவிட்டுப் பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டு கேட்டாள். இலங்கைச் செய்தி கேட்பதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் பயம் இருந்தது. அணைத்துவிட்டால் எந்தத் தடமும் கிடையாது என்பதால்தான் அந்தப் பயத்தோடும் அவளால் கேட்க முடிந்தது. முள்ளை மறுபடி திருநெல்வேலிக்குத் திருப்பி வைத்துவிட்டால் போதும்.

ஒலிபரப்புகிறவருக்கு இது இன்னும் கூர்மையான கேள்வி. 1942 ஆகஸ்ட் 27 முதல் நவம்பர் 12 வரை பம்பாயில் ரகசியமாக நடந்த காங்கிரஸ் ரேடியோவை 22 வயது உஷா மேத்தாவும் தோழர்களும் வீடு மாற்றி வீடு மாற்றி நடத்தினார்கள். நிலையான முகவரி இல்லாதவரைக்கும் அது ஓடியது. பிடிபட்டபின் உஷாவுக்கு நான்கு ஆண்டுச் சிறை.

ரேடியோ லைசென்ஸ் 1985இல் போயிற்று. அது போனதை யாரும் அழுது வழியனுப்பவில்லை. பெட்டிகள் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தன.

இனி இன்றைக்கு வருகிறேன். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில் எனக்கு மதினி முறையாகிற ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷம் பீடி சுற்றியவர். சொளவை மடியில் வைத்துக்கொண்டு சுற்றும்போது பக்கத்தில் டிரான்சிஸ்டர் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் ஊருக்கு வந்தபோது வைஃபை ரேடியோ ஒன்று கொண்டுவந்தான். உலகத்து நிலையமெல்லாம் கேட்கலாம். செருகி, வைஃபை கடவுச்சொல்லைப் போட்டார்கள். பாடவில்லை. செல்பேசியில் செயலியை இறக்கி, மின்னஞ்சல் கொடுத்து, கணக்குத் திறந்து, விதிமுறைக்கெல்லாம் சம்மதம் என்று தட்டினால்தான் பெட்டி வாய் திறக்கும். மதினிக்கு மின்னஞ்சல் இல்லை. மகன் தன் பெயரில் கணக்குத் திறந்துகொடுத்துவிட்டுத் திரும்பிப் போனான்.

ஒரு மாதம் கழித்து போனில் மகன்: "ஏம்மா, ராத்திரி ரெண்டு மணிக்கு என்னத்தக் கேட்டுக்கிட்டு இருக்க? ஒறங்கலியா? மேலுக்கு முடியலியா?" கேட்டது பாசத்தில்தான். மதினிக்குத் திக்கென்றது. தூக்கம் வராத ராத்திரிகள் அவருக்குப் பல வருஷமாக உண்டு, யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம் சொன்னார்: "அந்தப் பெட்டி கோள்சொல்லிப் பெட்டி, தாயி."

இது பாசக்கார மகன். மகன் இடத்தில் சந்தேகப் புத்தியுள்ள கணவனையும், செல்பேசி இடத்தில் 'சமீபத்தில் கேட்டவை' என்று தேதி நேரத்தோடு வரும் பட்டியலையும் வைத்துப் பாருங்கள். விவாகரத்துச் சட்டம் பற்றிய நிகழ்ச்சியை ஒருத்தி ரகசியமாகக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய லைசென்ஸுக்கு வைத்திருப்பவரின் பெயர் தெரியும், கேட்டது தெரியாது. புதிய கணக்குக்கு இரண்டும் தெரியும்; அதுவும், பெயர் ஒருவருடையது, கேட்டது இன்னொருவருடையது என்று குழப்பித் தெரியும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தான் பயன்படுத்தும் செல்பேசி தன்னிடம் உள்ள பெண்கள் இந்தியாவில் ஏறத்தாழ 54 சதவீதம். தமிழ்நாட்டில் நான்கில் மூன்று பேர் அளவுக்கு இருப்பது ஆறுதல்தான். மீதி ஒரு பங்குக்கு ஓடிபி யாருடைய கைக்குப் போகும்?

கணக்கு எதற்கு என்று கேட்டால் கம்பெனிகளிடம் பதில் இருக்கிறது. பிடித்த நிலையங்களைச் சேமித்துவைக்க, இரண்டு மூன்று கருவிகளை இணைக்க, பழுது வந்தால் உதவ. நியாயமான பதில்கள், வேண்டியவர்களுக்கு வேண்டியவை. ஆனால் பாடுவதற்கு அது தேவையில்லை. இணைய வானொலி நிலையம் என்பது ஒரு முகவரி. பெட்டிக்கு வேண்டியது வைஃபையும் அந்த முகவரிகளின் பட்டியலும். நெதர்லாந்திலிருந்து 2016 முதல் இயங்கும் 'ரேடியோ கார்டன்' தளத்தில் கணக்கு இல்லாமலே உருண்டையைச் சுற்றி எந்த ஊர் நிலையத்தையும் கேட்கலாம். ஆகவே, அமைக்கும்போதே கணக்கைக் கட்டாயமாக்குவது கூடாது என்பது என் கருத்து. முதலில் பாடட்டும். சேமிக்க வேண்டும் என்று கேட்பவள் தானே விரும்பும் நாளில், தான் விரும்பும் பெயரில் கணக்குத் திறந்துகொள்ளட்டும்.

கம்பெனியின் சர்வரை நம்பியிருக்கும் பெட்டியின் ஆயுள் பற்றியும் ஒரு வார்த்தை. 2021இல் ரெசிவா என்ற சேவை நின்றபோது அதை நம்பியிருந்த பல கம்பெனிகளின் இணைய வானொலிப் பெட்டிகள் நிலையப் பட்டியலை இழந்தன. 2024இல் லாஜிடெக், ஸ்குவீஸ்பாக்ஸ் கருவிகளுக்கான தன் இணையதளத்தை மூடியது. அந்தக் கருவிக்காரர்கள் பலர் தன்னார்வலர்கள் பராமரிக்கும் மென்பொருளின் தயவில் பெட்டியைக் காப்பாற்றிக்கொண்டார்கள். லைசென்ஸ் ஒழிந்தபோது மர்ஃபி சாகவில்லை. கணக்கைச் சரிபார்க்கும் சர்வர் ஒழிந்தால் கணக்கில்லாமல் வாய் திறக்காத பெட்டி என்னாகும் என்று கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். அவருக்கும் பாவம், தெரியாது.

பதிவு என்றாலே ஆகாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். மதினியின் வாழ்க்கையே அதற்கு மறுப்பு. பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966இல் வந்தது, நல நிதிச் சட்டம் 1976இல். அடையாள அட்டை இருந்தால் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை உண்டு, மருத்துவமனை உண்டு, வீடு கட்ட உதவி உண்டு. ஆனால் கடையின் பதிவேட்டில் பெயர் ஏறினால்தானே அட்டை? கடையம், ஆலங்குளம், கீழப்பாவூர் பக்கமெல்லாம் இன்னொருத்தியின் பாஸில் சுற்றிக்கொடுத்து வயசானவர்கள் இருக்கிறார்கள். மதினியும் தொடக்கத்தில் பல வருஷம் தன் மாமியார் பாஸில் சுற்றினார். அந்த வருஷங்களின் பீடிக்கு அவர் பெயர் கிடையாது. "எம் பேரப் போடுங்க, எம் பேரப் போடுங்கன்னு கடைக்கு எத்தன நட நடந்திருப்பேன்" என்பார். அப்போது வேண்டாம் என்றார்கள். இப்போது தூக்கம் வராமல் ஒரு பாட்டுக் கேட்கப் போனால், பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாவற்றையும் முதலில் கொடு என்கிறது ஒரு பெட்டி. உழைத்ததற்கு எழுதாத பெயரைக் கேட்பதற்கு எழுதச் சொல்கிறார்கள். பெண்ணியம் பதிவேட்டோடு நடத்தும் சண்டை எப்போதும் இப்படி இரண்டு முனையிலும்தான் நடக்கிறது: பட்டாவில், சம்பளப் பேரேட்டில், தந்தையின் சொத்தில் பெயரைப் போடச் சொல்லி ஒரு பக்கம், நம்மைத் தனியே விடச் சொல்லி இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே வாயால் கேட்பதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

1933இன் சட்டத்தை நீக்கிப் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. அதே 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னதன் பின்விளைவு அது. அதில் ஒரு புதுமை: சட்டம் முழுவதிலும் தனிநபரைப் பெண்பாலில் குறிப்பிட்டிருக்கிறார்கள், அந்தப் பெண்பாலுக்குள் எல்லாப் பாலினமும் அடக்கம் என்று விளக்கமும் உண்டு. 1897இன் வரியை யாரோ தலைகீழாகப் புரட்டிப்போட்டிருக்கிறார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. அரசுக்கு அந்தச் சட்டம் கொடுத்திருக்கும் விலக்குகளைப் படித்தபோது அந்தச் சந்தோஷம் குறைந்தது, அது வேறு விஷயம்.

நமக்கு இங்கே வேண்டியது 6ஆம் பிரிவு. தற்செயலாக இதிலும் 6தான். சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே சம்மதம் செல்லும் என்கிறது அது. அங்கே கொடுத்திருக்கும் உதாரணம், மருத்துவச் செயலி ஒன்றை இறக்கும் ஒருத்தியைப் பற்றியது: செயலி அவளுடைய தொடர்பு எண்களையும் கேட்கிறது, அவளும் சரி என்கிறாள், ஆனால் மருத்துவ ஆலோசனைக்கு அந்த எண்கள் தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் அவற்றுக்குச் செல்லாது. மருத்துவச் செயலி இருக்கும் இடத்தில் ரேடியோவை வைத்துப் படித்துப் பாருங்கள். பாடுவதற்குப் பிறந்த தேதி எதற்கு? இந்தக் கேள்வியை யாராவது ஒருத்தி எழுதிப் போட்டுக் கேட்க வேண்டும். சட்டம் படிக்கும் மாணவிகள் இதைப் படித்தால் நன்றாக இருக்கும். விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. கம்பெனிகளின் முக்கியமான கடமைகள் நடப்புக்கு வர அதிலிருந்து 18 மாதம், அதாவது 2027 மே. மதினி வீட்டுப் பெட்டி இப்போதும் மகன் பெயரில்தான் இருக்கிறது. ராத்திரியில் அதைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டுப் படுக்கிறார்.